இலை பார்க்க ஒரு காரணம்

வெளியூருக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து மதினியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். போடியில் எங்கள் தெருவுக்கு அது வழக்கமாகவே ஆகியிருந்தது. மதினி என்றால் என் அண்ணனுடைய மனைவி. பழனிக்கோ திருச்செந்தூருக்கோ அவர் போனதே இல்லை. ஆனாலும் எந்த பஸ்ஸில் ஏறி எந்த ஊரில் மாற வேண்டும், எந்த நிறுத்தத்தில் பெண்கள் இறங்கி ஒதுங்க மறைவான இடம் இருக்கும், எந்தச் சோறு மறுநாள் மதியம் வரை கெடாது என்பதையெல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். போய்வந்தவர்களிடம் விசாரித்து விசாரித்து அவர் சேர்த்து வைத்த விவரங்கள் அவை.

"திருச்செந்தூருக்கா? திரும்பி எப்ப வரணும், மொதல்ல அதச் சொல்லுங்க," என்பார். கையில் முறம் இருக்கும். அரிசியில் கல் பொறுக்குவது நிற்காது.

"போறதுக்கு வழி கேட்டா, இவ வர்றதக் கேக்குறா பாரு," என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கடிந்துகொள்வார்.

"போறத சாமி பாத்துக்கும் பெரியம்மா. வந்து சேர்றதுதான் நம்ம சோலி. பெரியப்பாவுக்கு ராத்திரிக்கு யாரு சோறு போடுவா?"

மதினியின் கணக்கு எப்போதும் திரும்பி வருவதில்தான் தொடங்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும். அப்படியென்றால் எந்த பஸ், அதைப் பிடிக்க கோயிலிலிருந்து எப்போது வெளியே வருவது, அதற்குள் குளித்துச் சாப்பிட்டு முடிப்பதென்றால் அங்கே எப்போது போய்ச் சேருவது என்று பின்னாலிருந்து முன்னால் வருவார். காலையில் எப்போது எழுவது என்பது கடைசியாகத்தான் வரும். பிற்பாடு நான் மதுரையில் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தபோது, கட்டடத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்குவதற்கு ஒரு பாடம் இருந்தது. ஆசிரியர் கரும்பலகை முழுவதும் அம்புக்குறிகளாகப் போட்டுக்கொண்டே போனார். வகுப்பு திணறியது. எனக்கு அது முறத்தோடு உட்கார்ந்திருக்கும் மதினியாகத் தெரிந்தது.

மதினி இறந்தது ஓர் ஐப்பசி மாதம். மஞ்சள் காமாலையை உடம்புச் சூடு என்று நினைத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது முற்றிவிட்டது. முப்பத்தைந்து வயதைக்கூட அவர் தொடவில்லை. துட்டிக்கு வந்த பெண்கள் எல்லோரும், அவர் சொல்லிக் கொடுத்தபடி தாங்கள் போய்வந்த ஊர்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். "ராமேசுவரத்துல எறங்குனதும் எந்தப் பக்கம் திரும்பணும்னு கூடச் சொல்லி விட்டாளே," என்று ஓர் அக்கா மாரில் அடித்துக்கொண்டார். தனக்கென்று மதினி போட்டு வைத்திருந்தது ஒரே ஒரு பயணம். அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அவர்களுக்கு அது ஒரு பழைய வேடிக்கை. மறந்திருப்பார்கள்.

மதினி மலையில் வளர்ந்தவர். அவருடைய அப்பா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், ராசிங்காபுரத்துக்காரர். ஆனையிறங்கல் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அம்மா இல்லாத பெண்ணை அங்கே எஸ்டேட் குவார்ட்டர்ஸிலேயே வளர்த்தார். மதினி சிறுமியாக இருந்தபோதுதான் அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி ஏறி ஒரு பெரிய ஏரியாக ஆனதை அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்திருக்கிறார். அதன் கரையில் சோலைக்காடு. தை கடைசியில், மாசியில், அந்தக் காட்டு மரங்கள் புதுத்தளிர் விடும். தளிர் பச்சையாக வராது. சிவப்பாக வரும்.

"மொதல்ல ஒரே ஒரு மரந்தான் செவக்கும் தாயி. அடுத்த மரம் அதப் பாத்துப் பொறாமப்பட்டு, அதுவும் செவக்கும். அப்புறம் என்ன, கலியாணத்துக்குச் சேல எடுக்கப் போன பொம்பளைக மாதிரிதான். ஒண்ணு செம்புக் கலரு, ஒண்ணு கத்திரிப்பூ, ஒண்ணு ரத்தச் செவப்பு. காத்து நின்னுச்சுன்னா தண்ணிக்குள்ள இன்னொரு காடு."

என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் புளி உடைக்கிற காலமும் மலையில் காடு சிவக்கிற காலமும் ஒன்றுதான். அதனால் புளி வாசனை வந்தால் அவருக்கு மலை ஞாபகம் வந்துவிடும்.

ஒரு வருடம் அப்பா உரக்கடையிலிருந்து ஒரு காலண்டர் கொண்டு வந்தார். ஏதோ வெளிநாட்டு ஏரி, அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகக் காடு. "சீமையில எல உதிர்ற காலம். உதிர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் ஆகுமாம். அதப் பாக்குறதுக்குன்னே சனம் மூட்ட முடிச்சோட கெளம்பிப் போவாகளாம்," என்றார் அப்பா. மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"எங்கூரு டேமு மாதிரியே இருக்கு மாமா."

"அடியாத்தி! சீமையும் ஆனையிறங்கலும் ஒண்ணா?" என்று அம்மா சிரித்தார்.

மதினியும் சிரித்தார். ஆனால் மாதங்கள் முடிந்து தாள்களெல்லாம் கிழித்தெடுத்த பிறகும் அந்தப் படத்தை ஆணியிலிருந்து எடுக்க விடவில்லை.

கல்யாணமாகிச் சில வருடங்களுக்குள் மதினியின் அப்பா இறந்துவிட்டார். அடுத்து வந்த கணக்கப்பிள்ளைக்குக் குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே தம்பி கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்டான். மலையில் மதினிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அதன் முழு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. எங்கள் வீடுகளில் ஒரு பெண் வாசற்படி தாண்டி வெளியூர் போவதற்கு இன்ன இன்ன காரணம் என்று உண்டு: பிரசவம், சடங்கு, கல்யாணம், கருமாதி, கோயில், ஆஸ்பத்திரி, பிறந்த வீடு. அவருக்கு இருந்தவற்றில் அந்த மலைக்கு ஏற்றிவிடக் கூடியது ஒன்றுதான். அது அடைபட்டுவிட்டது.

ஆனாலும் திட்டம் போடுவதை அவர் விடவில்லை. ஒவ்வொரு தை மாதமும் அந்தப் பயணம் கொஞ்சம் திருந்தும். விடிவதற்குள் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட வேண்டும். மூணாறு போகிற முதல் பஸ். மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் தூங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் தூங்கக் கூடாது. "எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும் மதினி?" என்று நான் கேட்டேன். "எந்தப் பக்கம் உக்காந்தா என்ன, வளைவுக்கு வளைவு பள்ளம் பக்கம் மாறிக்கிட்டேதான் வரும்," என்றார். மலை ஏறி முடிந்து போடிமெட்டில் பஸ் நிற்கும்போது சுக்குக் காப்பி. ஆனையிறங்கலில் இறங்கித் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை, அது போய்த் தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறையில் முடியும். அந்தப் பாறையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடலாம்.

"எல்லாம் அடங்கிருச்சு தாயி. நேரமும் கெடச்சிருச்சு. காரணந்தான் கெடைக்கல," என்றார் ஒரு நாள்.

ஒரே ஒரு தடவை வெளிப்படையாகக் கேட்டார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியம்மாவும் மோர் வாங்க வந்து நின்றிருந்தார்.

"மாமா, இந்த மாசிக்கு ஒருநாள் டேமு வரைக்கும் போய்ட்டு வரலாமா? காடு செவந்திருக்கும்."

"அங்க யாரு இருக்கா ஆத்தா?" என்றார் அப்பா.

"யாரும் இல்ல மாமா. சும்மா. எலையப் பாக்க."

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அம்மா தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார்.

"எலையப் பாக்கவா?" என்றார் பெரியம்மா. "அதுக்கு எதுக்குடி மலையேறணும்? ஒங்க கொல்லையில கருவேப்பில மரம் நிக்குதுல்ல, அதப் பாத்துட்டுப் படு. விடியக்காலம் மலைக்கு ஏறுறது ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போறவளுக. வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டு மருமக ஏறுனா என்னான்னு கேப்பாக? எல பாக்கப் போறான்னு சொல்லவா?"

அண்ணன் நல்லவர். மனைவியை ஒரு சொல் கடிந்து நான் கேட்டதில்லை. அவரும் சிரித்துவிட்டு, "அடுத்த மாசிக்குப் பாப்போம்," என்றார். அன்றிலிருந்து தெருவில் அது ஒரு கேலியாக நிலைத்துவிட்டது. மதினி தண்ணீருக்குப் போனால், "என்ன, எல பாக்கவா?" என்பார்கள். கீரைக்காரியிடம் பேரம் பேசினால், "நல்லாப் பாத்து வாங்கு, நீதான் எல பாக்குறவளாச்சே," என்பார்கள். மதினியும் கூடவே சிரிப்பார். அவர்களுக்குப் பழனிக்கு வழி சொல்வதை அதற்காக ஒரு நாளும் நிறுத்தவில்லை.

நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படித்தபோது அண்ணன் மகளுக்கு டைபாய்டு வந்தது. பிள்ளை நாராகப் போய்விட்டது. காய்ச்சல் இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று மதினி அம்மாவிடம், "அத்தே, நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன். டேமுக் கரையில ஒரு மரத்தடியில அம்மன் கல்லு இருக்கு. எஸ்டேட்டுச் சனம் கும்புடுற சாமி. புள்ள எந்திரிச்சா வந்து பொங்கல் வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேர்த்திக்கடன் என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் மட்டும் மதினி மாட்டுத் தொழுவத்தில் வைத்து உண்மையைச் சொன்னார். "காய்ச்சல் எறங்குனதுக்கு அப்புறந்தான் தாயி வேண்டிக்கிட்டேன். சாமிக்குக் கணக்கு முன்னப் பின்ன இருந்தாப் பரவால்ல, பொங்கல் வந்துருதுல்ல?" சிறு பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நாள் குறிக்கும் இடத்தில்தான் அது தப்பிப்போயிற்று.

"மாசியில வச்சுக்கிருவோம் அத்தே," என்றார் மதினி, பேச்சோடு பேச்சாக.

"மாசியிலயா? என்னடி பேசுற!" அம்மாவுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "மாசி நம்ம குலசாமி மாசம். சிவராத்திரிக்கு மண்ணெடுத்துக் கும்புடுற வீடு இது. அந்த மாசத்துல குலசாமிய விட்டுட்டு இன்னொரு சாமிக்குப் பொங்கல் வைப்பாகளா? புள்ளைக்கு ஆகுமா?"

"சிவராத்திரி முடிஞ்ச பெறகு…"

"அம்மனுக்கு உரிய மாசம் ஆடி. ஆடியில போவோம். எல்லாரும் போவோம். மொறையாச் செய்வோம்."

பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்டபின் எந்தத் தாய் பேசுவாள்? ஆடியில் மலையில் என்ன இருக்கும் என்று மதினிக்குத் தெரியும். எனக்கும் ஓரளவு தெரியும். எங்கள் பக்கம் தூறல்கூட விழாத நாளில் மெட்டுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். தளிரெல்லாம் முற்றிப் பச்சையாகி மாதங்கள் ஆகியிருக்கும்.

இரண்டு ஜீப்பு பிடித்துப் போனோம். அப்பா, அம்மா, அண்ணன், மதினி, பிள்ளை, பெரியம்மா, பெரியப்பா, சொந்தத்தில் சிலர், ஓர் ஆட்டுக்கிடா, வெண்கலப் பானை, விறகு. போடிமெட்டைத் தாண்டியதும் முன்னால் போகிற ஜீப்பு பின்னால் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. ஆனையிறங்கலில் இறங்கியபோது எதிரே ஒன்றும் இல்லை. வெள்ளையாக மேகம் மட்டும் நின்றது. அதற்குள் எங்கோ தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம்.

"எங்கடா டேமு?" என்றார் பெரியப்பா.

"இந்தா, இங்கனதான் இருக்கு. கால வச்சுப் பாருங்க, தெரியும்," என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மன் கல் இருந்தது. அந்த மட்டில் மதினி பொய் சொல்லவில்லை. ஈர விறகு பிடிக்கவில்லை. ஒருவர் குடை பிடிக்க ஒருவர் ஊத, மதினி புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கல் வைத்தார். பிறகு குழம்பு. பிறகு பரிமாறல். பெண்கள் காலில் ஏறிய அட்டைகளை உப்புத் துணியால் ஒற்றி எடுப்பதும் அவர் வேலையாகவே இருந்தது, எப்படி எடுப்பதென்று அவருக்குத்தான் தெரியும். எல்லோரும் கை கழுவிய பிறகு ஒரு தடவை அவர் தேயிலைக்குள் கொஞ்ச தூரம் நடந்து போனதைப் பார்த்தேன். நானும் பின்னால் போனேன். ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். கைக்கு எட்டிய கிளையை வளைத்து ஓர் இலையைப் பிடித்திருந்தார். கரும்பச்சையாக, நனைந்து, தடித்திருந்தது.

"இந்த மரந்தான் மொதல்ல செவக்கும்," என்றார்.

அம்மா ஜீப்பிலிருந்து கூப்பிட்டார். மதினி கிளையை விட்டார். தண்ணீர் எங்கள் இரண்டு பேர் மேலும் சிதறியது.

எல்லோருக்கும் நிறைவான நாளாகத்தான் அது முடிந்தது. மலையிறங்கும்போது அம்மா மதினியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "கடன் முடிஞ்சிருச்சுடி. இனிமே ஒனக்கு அங்க ஒரு சோலியும் இல்ல. நிம்மதியா இரு," என்றார். அன்பாகத்தான் சொன்னார். மதினி கண்ணை மூடியிருந்தார், தூங்கினாரா என்று தெரியாது.

அதற்கடுத்த தையில் புளி வந்தது. மதினி கொட்டை எடுத்தார். மலையைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த வருடமும் பேசவில்லை. யாராவது "எல பாக்க" என்று கேலி செய்தால் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பவர்போலப் பார்ப்பார். பதில் சிரிப்பு வராததால் கேலியும் தானாகவே நின்றுபோயிற்று.

படிப்பு முடிந்து தேனியில் ஓர் அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். கட்டட வரைபடங்கள், அளவுப் பட்டியல்கள். என் சம்பளத்துக்கு வீட்டில் ஒரு மரியாதை வந்தது, என் பேச்சுக்கும். ஒரு மாசியில் நான் அண்ணனிடம் நேராகவே கேட்டேன்: "மதினியக் கூட்டிக்கிட்டு ஆனையிறங்கல் போய்ட்டு வர்றேண்ணே. சிவராத்திரி முடிஞ்ச பெறகு. கோயிலுக்கு இல்ல, காடு பாக்க."

அண்ணன் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. "போய்ட்டு வாங்க. பாவம், அவ எப்பவோ கேட்டது. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிர்றேன்."

அவ்வளவு எளிதாக இருந்தது. நான் அடுப்படிக்கு ஓடினேன்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒங்கண்ணனா சொன்னாரு?"

"ஆமா மதினி. காரணமே வேணாம். சும்மா போறோம்."

உரித்த வெங்காயத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆசையா இருந்தப்ப காரணம் இல்ல. இப்பக் காரணமே வேணாங்குற. போகணும்னு தோணல தாயி. தோணுதான்னு உள்ளுக்குள்ள தேடித்தான் பாக்குறேன். தோணல. அதுக்கு நான் என்ன செய்ய?"

கோபமாக இல்லை. வருத்தமாகக்கூட இல்லை. வைத்த இடத்தில் ஒரு பொருளைக் காணோம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. "நீ போ. ஆபீசுப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போ," என்றார். பிறகு, யார் வந்து கேட்டாலும் சொல்வதுபோல எனக்கும் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பஸ், சுக்குக் காப்பி, ஒற்றையடிப் பாதை, பாறை. விடிகாலையில் எழுந்து எனக்கும் ஆபீஸ் தோழிகள் இரண்டு பேருக்கும் புளிச்சோறு கிண்டி வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்.

அவர் சொன்னது எதுவும் தப்பவில்லை. பாறையில் உட்கார்ந்தோம். காற்று இல்லை. எதிர்க்கரை முழுக்கக் காடு சிவந்து நின்றது, செம்பும் கத்திரிப்பூவும் ரத்தச் சிவப்புமாக, தண்ணீருக்குள்ளும் அப்படியே. உடன் வந்தவர்களில் ஒருத்தி, "எல்லாம் பூவா?" என்று கேட்டாள். "இலை," என்றேன்.

வீடு திரும்பியபோது மதினி வாசலில் செம்பில் தண்ணீர் வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பஸ்ஸில் இடம் கிடைத்ததா. மெட்டில் பஸ்ஸை ரொம்ப நேரம் போட்டுவிட்டானா. பாதையில் முள் அடைத்திருந்ததா. புளிச்சோறு மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்ததா. கூட வந்த பிள்ளைகளுக்கு வாந்தி வந்ததா. நான் பதில் சொல்லச் சொல்ல, தன் கணக்கு சரியாக வந்திருக்கிறது என்பதுபோலத் தலையசைத்தார்.

காடு சிவந்திருந்ததா என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை நான் மலையிறங்கும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். ரொம்ப அழகாகச் சொல்லிவிடக் கூடாது, சாதாரணமாகவும் சொல்லிவிடக் கூடாது என்று வளைவுக்கு வளைவு ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டே வந்தேன். சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தேன்.

மதினி இன்னொரு கரண்டி சோற்றை என் தட்டில் வைத்தார்.

"போதும் மதினி."

"சாப்பிடு. அந்த மலைக்குப் போய்ட்டு வந்தா எம்புட்டுப் பசிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.